வெந்த குடமும் எரிந்த பலகையும்

நெருப்பு தொட்டுச் சென்ற பிறகு எஞ்சி நிற்கும் பொருள் முன்பிருந்த பொருளேதானா, அல்லது அதன் இடத்தில் புதிதாகத் தோன்றிய வேறொரு பொருளா என்னும் கேள்வியை இந்தியத் தருக்க மரபு மிகுந்த பொறுமையோடு ஆராய்ந்திருக்கிறது. அதற்கு அது எடுத்துக்கொண்ட சான்று, குயவரின் சூளையில் வேகும் மண்குடம். கருநிறப் பச்சைக் குடமாக உள்ளே சென்றது செந்நிறக் குடமாக வெளியே வருகிறது. மாறியது நிறம் மட்டுமா, குடமேயா? வைசேடிகமும் நியாயமும் மிகப் பல கொள்கைகளில் ஒத்த கருத்துடையனவாய், பிற்காலத்தில் ஒரே பாடமாக இணைத்துக் கற்பிக்கப்பட்டவையாய் இருந்தும், இக்கேள்வியில் இணங்காமலே நின்றன. 17ஆம் நூற்றாண்டில் தொடக்க மாணவர்க்கென்று தருக்க சங்கிரகத்தை இயற்றிய அன்னம்பட்டர், அதற்குத் தாமே எழுதிய தீபிகை உரையில் இரு தரப்பையும் தனித்தனியே எடுத்துரைக்கிறார் என்பது, பல நூற்றாண்டுகள் கடந்தும் வாதம் தீரவில்லை என்பதற்குப் போதிய சான்று. பழைய ஆசிலோஸ்கோப் ஒன்றின் எரிந்துபோன மின்வழங்கிப் பலகையைத் திருத்துவோரின் மேசையில் அதே கேள்வி மீண்டும் எழுகிறது. அங்கு அது எழும் விதமோ, குடத்தை மட்டும் நோக்கியிருந்தவர்கள் கேட்கத் தேவைப்படாத இன்னொரு கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது.

வைசேடிகரின் விடை பீலுபாகவாதம் எனப்படும். பீலு என்பது அணு, பாகம் என்பது வேகுதல். வைசேடிக உரையாசிரியர் பிரசஸ்தபாதர் விளக்குகிறபடி, நெருப்பின் மோதலால் குடத்தின் அணுக்களில் அசைவு உண்டாகி, அவற்றைப் பிணைத்திருந்த சேர்க்கை அழிய, இரண்டிரண்டு அணுக்களாலான கூட்டுகளும் அழிந்து, குடம் தனித்தனி அணுக்களாகச் சிதறிவிடுகிறது. அந்நிலையில் ஒவ்வோர் அணுவும் தன் பழைய நிறத்தை இழந்து புதிய நிறத்தைப் பெற, உயிர்களின் வினைப்பயனாகிய அதிருஷ்டத்தால் உந்தப்பட்டு அவை மீண்டும் கூடி, படிப்படியாக வேறொரு குடமாகின்றன. சூளையிலிருந்து எடுக்கப்படுவது உள்ளே வைக்கப்பட்ட குடம் அன்று, அதன் அணுக்களால் ஆன மற்றொன்று. இம்முடிவுக்கு அவர்களை இட்டுச்சென்றது எளிதில் தள்ளிவிட முடியாத ஒரு காரணம்: குடம் உள்ளும் புறமும் ஒருசேர வெந்திருக்கிறது என்றால், நெருப்பு ஒவ்வோர் அணுவையும் சென்று தொட்டிருக்க வேண்டும், முழுமையாகிய குடம் சிதையாமல் இருக்கும்வரை நெருப்புக்கு உள்ளே வழி ஏது?

நையாயிகர் இதை மறுத்து, வேகுவது குடமேதான் என்றனர். பிடரம் என்பது பானை, எனவே அவர்கள் கொள்கை பிடரபாகவாதம். குடத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டு, நெருப்பு அவற்றின் வழியே புகும், ஆகவே குடம் சிதைய வேண்டியதில்லை என்பது அவர்கள் முதல் வாதம். சூளையில் குடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்க்குடம் அணுக்களாகச் சிதறியிருந்தால் மேல்குடம் சரிந்திருக்கும், அவ்வாறு சரியவில்லை என்பது இரண்டாவது. எடுத்தபின் எண்ணிக்கை குறையவில்லை, வடிவம் பிசகவில்லை, இது அதே குடம் என்று உரியவர் அடையாளம் காண்கிறார் என்பது மூன்றாவது. இந்த அடையாள அறிவைப் பிரத்தியபிஞ்ஞை என்பர். முன்பு கண்டதும் இப்போது காண்பதும் ஒன்றே என ஒருங்கே அறியும் அறிவு அது.

இவ்விரு கொள்கைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, தீ ஒரு மின்சுற்றுப் பலகையில் செய்யும் வேலையைப் பார்க்கலாம். ஆசிலோஸ்கோப் என்னும் அலைநோக்கி, மின்னழுத்தம் காலத்தோடு எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் ஒளிக்கோடாக வரைந்து காட்டுவது. அதன் தொடக்கம் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் செய்துகாட்டிய எதிர்மின் கதிர்க்குழாய். அலையின் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் ஒவ்வொரு முறையும் வரையத் தொடங்கி, கோட்டை அசையாமல் நிறுத்திக் காட்டும் முறையைப் பரவலாக்கிய நிறுவனம், 1946இல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஹோவர்ட் வோல்லமும் ஜாக் மர்டாக்கும் பிறரும் நிறுவிய டெக்ட்ரானிக்ஸ். அந்நிறுவனம் 1980களில் வெளியிட்ட 2465 வரிசைக் கருவிகள் நான்கு அலைகளை ஒருசேரக் காட்டக்கூடியவை. முதல் வடிவம் 300 மெகாஹெர்ட்ஸ் வரையும், பின்னர் வந்த 2465பி 400 மெகாஹெர்ட்ஸ் வரையும் அளந்தன. அவற்றுள் பல இன்றும் பழுதுபார்ப்போர் மேசைகளில் உழைக்கின்றன. இக்கட்டுரையின் சான்று அந்த வரிசையே.

அக்கருவியின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, ஏறத்தாழ 300 வோல்ட்டாகப் பெரிய மின்தேக்கிகளில் தேக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து ஒரு சிறு மின்மாற்றியின் வழியே செலுத்தி, கருவியின் உறுப்புகளுக்கு வேண்டிய -15 வோல்ட் முதல் +87 வோல்ட் வரையிலான பல மின்னழுத்தங்களைப் பிரித்தளிக்கிறது. இந்தத் துண்டிப்பால் எழும் இரைச்சல் சுவர்க்கம்பிக்குத் திரும்பிச் சென்று பிற கருவிகளைக் கெடுக்காதிருக்க, மின் நுழைவாயிலிலேயே வடிகட்டி மின்தேக்கிகள் வைக்கப்படுகின்றன. பழுதுபார்ப்போர் ரிஃபா என்ற வணிகப் பெயராலேயே குறிப்பிடும் இவை, உலோகப் படலம் பூசிய காகிதத்தைச் சுருட்டி, பிசினில் தோய்த்து, தேன்நிறக் கூட்டுக்குள் அடைத்துச் செய்யப்பட்டவை. காகிதம் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்: திடீர் மின்தாக்கில் அதில் ஊசித்துளை விழுந்தால், துளையைச் சுற்றிய மெல்லிய உலோகப் படலம் ஆவியாகி அவ்விடத்தைத் தனிமைப்படுத்திவிடும், மின்தேக்கி தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு பணியைத் தொடரும். ஆயினும் முப்பது நாற்பது ஆண்டுகளில் கூட்டில் மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன, காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, ஈரம் மின்கசிவாகிறது, கசிவு வெப்பமாகிறது. ஆற்றும் வேகத்தைக் காயத்தின் வேகம் மிஞ்சிய நாளில், பல்லாண்டு பரணில் கிடந்த கருவிக்கு மின் இணைப்பு தந்த சில நிமிடங்களில், கூடு வெடித்து அடர்ந்த புகை கிளம்புகிறது. மற்றவர்க்குத் தீங்கு வராமல் காக்க நிறுத்தப்பட்ட உறுப்பே முதலில் எரிகிறது என்பது அறநோக்கில் சிந்திக்கத்தக்க செய்தி. தன்னை ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் எவ்வளவு வியக்கத்தக்கதாயினும், ஒவ்வொரு காயத்திலும் படலத்தின் பரப்பு சிறிது குறைந்துகொண்டே வருகிறது. அது அளவற்ற வரம் அன்று.

தீ அங்கேயே நின்றுவிடலாம், நிற்காமலும் போகலாம். அருகிலுள்ள மின்தடை கருகி, பலகையின் பிசின் கரியாகி, செம்புத் தடம் பெயர்ந்து சுருளலாம். கண்ணாடி இழையைப் பிசினில் பதித்துச் செய்யப்படும் பலகை, தீப்பரவலைத் தடுக்குமாறு அமைக்கப்பட்டதுதான் என்றாலும், ஒருமுறை கருகிய இடம் வெறும் கறையாக இருப்பதில்லை. கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே எந்த இரு தடங்களுக்கு இடையே மின்சாரம் செல்லக்கூடாது என்று வடிவமைத்தவர் பலகையை வைத்தாரோ, அந்த இடைவெளியிலேயே தீ ஒரு புதிய பாதையைப் போட்டுவிட்டுப் போகிறது. உறுப்புகளை மட்டும் மாற்றி மின்சாரம் தந்தால், அந்தப் பாதை மீண்டும் சூடேறி, முன்னதைவிடப் பெரிதாக எரியும். ஆகவே திருத்தம் சேர்ப்பதில் தொடங்குவதில்லை, நீக்குவதில் தொடங்குகிறது. கருகிய பகுதி முழுவதும், வெளிர்நிறப் பிசின் தெரியும்வரை சுரண்டியோ வெட்டியோ எடுக்கப்பட்டு, குழி புதிய பிசினால் நிரப்பப்பட்டு, இழந்த தடங்களுக்கு ஈடாகக் காப்பிட்ட கம்பிகள் பற்றவைக்கப்படுகின்றன. காகித மின்தேக்கிகளுக்கு மாற்றாக அதே பாதுகாப்பு வகையைச் சேர்ந்த பாலிப்ரோப்பிலின் படல மின்தேக்கிகள் வைக்கப்படுகின்றன. உலர்ந்துபோன மின்பகுளி மின்தேக்கிகளும் உடன் மாற்றப்படுகின்றன. பின்னர் நேரடியாகச் சுவரில் செருகாமல், இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்த சீரிஸ் பல்பின் வழியே முதல் மின்சாரம் தரப்படுகிறது. உள்ளே குறுக்குப்பாதை எஞ்சியிருந்தால் விளக்கு முழுப் பிரகாசமாய் எரிந்து மின்னோட்டத்தைத் தான் ஏற்கும். பிழை இல்லையேல் ஒருகணம் ஒளிர்ந்து மங்கும். துண்டித்து இயங்கும் மின்வழங்கிகளில் சில இந்தக் குறைந்த ஊட்டத்தில் தொடங்கவே மறுக்கும் என்பதால், மங்கல் எதைக் குறிக்கிறது என்பதைத் திருத்துவோர் தம் அறிவால் பகுத்தறிய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு மேசையில் இருப்பது எது? தீப்பட்ட பலகையைப் பார்த்தால் நையாயிகர் சொன்னது சரியெனத் தோன்றுகிறது: அடுக்கிய குடங்களைப் போலவே, பலகை தான் தாங்கியிருந்த மற்ற உறுப்புகளைக் கீழே விடவில்லை, வடிவம் பிசகவில்லை, உரியவர் அதை அடையாளம் காண்கிறார். எரிந்த மின்தேக்கியைப் பார்த்தாலோ வைசேடிகர் அஞ்சியதைவிட நிலைமை கடுமையானது. அது அணுக்களாய்ச் சிதறியதோடு சரி, அதே அணுக்கள் மீண்டும் கூடவில்லை, வேறு தொழிற்சாலையில் வேறு பொருளால் ஆன ஒன்று அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. இன்னும் கூர்ந்து நோக்கினால், இரு தரப்பும் உள்ளூர ஒரு கொள்கையில் ஒன்றுபட்டிருப்பது தெரியவரும். முழுப்பொருள் தன் உறுப்புகளின் தொகை அன்று, அவற்றில் உறையும் தனிப்பொருள். அதை அவயவி என்பர். ஆடையிலிருந்து ஓர் இழையை உருவிவிட்டால் பழைய ஆடை அழிந்து, எஞ்சிய இழைகளில் வேறோர் ஆடை தோன்றுகிறது என்பதை நையாயிகரும் ஏற்றனர். சூளைக் குடத்தைக் காப்பாற்றியவர்கள் இழை இழந்த ஆடையைக் காப்பாற்றவில்லை. அவர்கள் அளவுகோலின்படி, ஒரே ஒரு மின்தேக்கியைக் கழற்றியபோதே பழைய அலைநோக்கி போய்விட்டது; திருத்தியோர் கையில் இருப்பது அதனோடு ஒத்த மற்றொன்று.

கிரேக்க மரபில் பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலும், பௌத்த மரபில் மிலிந்த மன்னனிடம் நாகசேனர் பிரித்துக் காட்டிய தேரும் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பே. இரண்டும் பலராலும் நன்கு ஆராயப்பட்டவை. பெயர் நிலைக்கிறது, பொருள் நிலைப்பதில்லை என்ற எல்லை வரை அவை அழைத்துச் செல்கின்றன. ஆனால் கப்பலும் தேரும் குடமும் ஒரு தன்மையில் அலைநோக்கியிலிருந்து வேறுபட்டவை. குடம் நீரை ஏந்துகிறது, தேர் சுமையை ஏற்றிச் செல்கிறது. அவை எதைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அலைநோக்கியோ உலகைப் பற்றிக் கூற்றுகளைச் சொல்லும் பொருள்: இங்கே இரண்டு வோல்ட் இருக்கிறது, இந்த அலை ஒரு மைக்ரோநொடியில் எழுகிறது என்று அது சொல்வதைக் கேட்டு மனிதர் முடிவெடுக்கிறார்கள். அதனால் அது சாட்சியின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு சாட்சியைக் குறித்து, முன்பு பேசிய அதே ஆள்தானா என்று கேட்பது முதல் கேள்வியாக இருக்கலாம். இப்போது சொல்வது மெய்தானா என்பதே முதன்மையான கேள்வி.

இந்த இரண்டாம் கேள்வி முதல் கேள்விக்கும் எதிர்பாராத ஒரு விடையைத் தருகிறது. எந்த இரண்டு அலைநோக்கிகளும் முற்றிலும் ஒரே மாதிரி செய்யப்படுவதில்லை. ஒவ்வொன்றின் பெருக்கிகளும் நேரச்சுற்றுகளும் சிறிது கூடியோ குறைந்தோ இருக்கும். 2465பி போன்ற கருவிகளில், தெரிந்த மின்னழுத்தங்களையும் தெரிந்த கால இடைவெளிகளையும் ஊட்டி, கருவி எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்று கண்டு, அந்த விலகல்களை ஈடுசெய்யும் எண்களை ஒரு நினைவகச் சில்லில் எழுதிவைக்கிறார்கள். இவை அளவுத்திருத்த மாறிலிகள் எனப்படும். பிற்காலத்து 2465பி கருவிகளில் அந்தச் சில்லுக்குள்ளேயே ஒரு லித்தியம் மின்கலம் வார்த்து அடைக்கப்பட்டிருக்கிறது. மின்வழங்கி எரிந்து கருவி முழுவதும் உயிரற்றுக் கிடக்கும் காலத்திலும் அந்தச் சிறு கலம் எண்களை அழியாமல் வைத்திருக்கும். அதன் ஆயுளாக உறுதி கூறப்பட்டது குறைந்தது 10 ஆண்டுகள். முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நினைவிழக்காத சில்லுகள் உண்டு என்றாலும், அந்நாள் வந்தே தீரும். இந்த எண்கள் கருவியின் திறமைகளின் பட்டியல் அல்ல, அதன் பிழைகளின் பட்டியல் என்பதைக் கவனிக்க வேண்டும். வேறொரு 2465பியின் எண்களை இதில் எழுதினால் அவை உதவா. ஏனெனில் இதன் பிழைகள் இதற்கே உரியவை. ஒன்றுக்கொன்று எவ்வகையிலும் வேறுபாடற்ற அணுக்களைத் தனித்தனியாக்குவதற்கு வைசேடிகர் விசேடம் என்றொரு தனிக்கூறை ஏற்க வேண்டியிருந்தது. வரிசை எண் தவிர வேறுபாடற்றவையாய்த் தோன்றும் கருவிகளைத் தனித்தனியாக்குவது, ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி அறிந்துவைத்திருக்கும் குறைகளே.

ஆகவே கைதேர்ந்தோர், மின்வழங்கி சீராகி மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், வேறெந்த வேலைக்கும் முன்னதாக அந்த எண்களைத் திரையில் வரவழைத்துக் குறித்துக்கொள்கிறார்கள். சில்லை மாற்றும்போது அதன் உள்ளடக்கத்தைப் படித்துப் புதிய சில்லில் எழுதிய பிறகே பழையதை ஒதுக்குகிறார்கள். தமிழகத்துச் சிவாலயங்களில் ஆகம நெறிப்படி நடக்கும் ஜீர்ணோத்தாரணம் என்னும் பழுதுநீக்கப் பணியை அறிந்தவர்கள் இம்முறையின் உட்பொருளை எளிதில் உணர்வார்கள். அங்கே கருவறையில் உளி படுமுன், மூர்த்தியில் விளங்கும் இறையாற்றலைக் கலாகர்ஷணம் என்னும் சடங்கால் கும்பத்து நீரில் ஏற்றி, பாலாலயம் என்னும் தற்காலிக இருப்பிடத்தில் வைத்து வழிபட்டு, பணி முடிந்தபின் குடமுழுக்கில் மீண்டும் மூர்த்தியில் சேர்க்கிறார்கள். கல்லும் சுதையும் மாறலாம், மாறாதிருக்க வேண்டியது வேறு, அதைத் தனியே காத்துவைத்த பிறகே கல்லில் கைவைக்க வேண்டும் என்ற தெளிவு அச்சடங்கில் இருக்கிறது. ஒப்புமைக்கும் எல்லை உண்டு: ஆகமம் காத்துவைப்பது குறைவிலா நிறைவை, பழுதுபார்ப்போர் காத்துவைப்பது ஒரு கருவியின் குறைகளைப் பற்றிய அறிவை. ஆயினும் பொருளின் தொடர்ச்சியைப் பொருளுக்குள்ளேயே தேடிக் களைத்த தருக்கத்தைவிட, இந்த வழிபாட்டு மரபு இக்கேள்வியில் ஆழ்ந்து சென்றிருக்கிறது என்றே கருதத் தோன்றுகிறது.

இனி, மெய்ம்மை. திருத்தப்பட்ட கருவி காட்டுவது மெய் என்பது எதனால் தெரியும்? அறிவின் மெய்ம்மையைப் பிராமாண்யம் என்று பெயரிட்டு மீமாம்சகரும் நையாயிகரும் நெடுங்காலம் வாதிட்டனர். மீமாம்சகருள் குமாரிலபட்டரைப் பின்பற்றுவோர், அறிவு தோன்றும்போதே மெய்யாகத் தோன்றுகிறது, அதை உண்டாக்கிய கருவிகளில் குறை காணப்பட்டாலோ பின்வரும் அறிவு அதை மறுத்தாலோ மட்டுமே அது பொய்யாகும் என்றனர். இது தன்னாலேயே மெய் என்னும் சுவதஃபிராமாண்யக் கொள்கை. நையாயிகரோ, குறையின்மை மட்டும் போதாது, மெய்யறிவை உண்டாக்க ஒரு நற்குணம் கூடுதலாக வேண்டும், அது மெய் என்பதும் வெளியிலிருந்தே, அதை நம்பிச் செய்த செயல் பயன் தந்ததா என்று பார்த்தே தெரியவரும் என்றனர், இது பரதஃபிராமாண்யம். மின்வழங்கித் திருத்தத்தில் இவ்வேறுபாடு நூற்பேச்சாக நிற்பதில்லை. எரிந்த உறுப்பை மாற்றியதும் கருவி இயங்கி, கோடு திரையில் தோன்றிவிட்டால், குறை நீங்கியது, எனவே மெய் திரும்பியது என்று விட்டுவிடலாமா? டெக்ட்ரானிக்ஸின் பணிக்கையேடுகள் அவ்வாறு விடச் சொல்வதில்லை. 2465 வரிசையில் 10 வோல்ட் மேற்கோள் மின்னழுத்தம் ஒன்று இருக்கிறது. மற்ற ஊட்ட மின்னழுத்தங்கள் அதைப் பார்த்தே தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. அது சிறிது விலகினால் அனைத்தும் சேர்ந்து விலகும். அதைத் திருகிச் சரிசெய்தாலோ, அதை நம்பி முன்பு செய்யப்பட்ட அளவுத்திருத்தம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும். குறை நீங்குவது ஒன்று, செம்மை சேர்வது மற்றொன்று என்னும் நையாயிகர் கருத்து இவ்விடத்தில் உறுதிப்படுகிறது.

அலைநோக்கியின் முன்முகத்தில் அதுவே உண்டாக்கித் தரும் ஒரு சதுர அலைக்கான முனை இருக்கிறது. அந்த அலையை அதன் உள்ளீட்டிலேயே ஊட்டிப் பார்த்து, உயரம் சரியாகத் தெரிவதால் கருவி சரி என்று முடிவுகட்டுவோர் பலர். ஆனால் அந்த அலையை ஆக்குவதும் அதை அளப்பதும் ஒரே மின்வழங்கியின் ஊட்டத்தில் வாழ்பவை. இரண்டும் ஒரே திசையில் பிழைபட்டால் பிழை வெளிப்படாது. தன் வாக்குக்குத் தானே சாட்சி சொல்பவரை எந்த வழக்கு மன்றமும் முழுமையாக ஏற்பதில்லை. ஆகவே 10 வோல்ட்டை அளக்க வெளியிலிருந்து ஒரு மீட்டர் வர வேண்டும். அந்த மீட்டரை நம்புவது எப்படி? அதனினும் துல்லியமான அளவுத்திருத்தி ஒன்றால். அதை, பேணிக் காக்கப்பட்ட செனர் டையோடு மேற்கோள் மின்னழுத்தத்தால். அதை மேலும் ஒன்றால். முடிவற்றுப் பின்னோக்கி ஓடும் இக்குற்றத்தைத் தருக்க நூல்கள் அனவஸ்தை என்னும். நையாயிகருக்கு எதிராக மீமாம்சகர் எழுப்பிய முதன்மையான தடையே இதுதான்: ஒவ்வோர் அறிவுக்கும் வெளிச்சான்று கேட்டால் எந்த அறிவும் ஒருநாளும் நிலைபெறாது.

மின்னளவியலின் வரலாறு இத்தடைக்குத் தன் வழியில் விடை தேடியிருக்கிறது. எட்வர்ட் வெஸ்டன் 1893இல் உருவாக்கிய மின்கலம், 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.0183 வோல்ட் தருவது, 1911 முதல் உலகளாவிய மேற்கோளாக இருந்தது. அதாவது, உலகின் வோல்ட்டுகள் அனைத்தும் கண்ணாடிக் குப்பிகளில் இருந்த காட்மியத்தையும் பாதரசத்தையும் நம்பியிருந்தன. 1962இல் பிரையன் ஜோசப்சன் முன்னறிவித்த விளைவு அந்நிலையை மாற்றியது. மீகடத்திகள் இரண்டுக்கு இடையே மெல்லிய தடுப்பை வைத்து அமைக்கும் ஜோசப்சன் சந்தியில் நுண்ணலை செலுத்தினால், அதில் எழும் மின்னழுத்தம் அலையின் அதிர்வெண்ணால் மட்டுமே முடிவாகிறது. எந்த உலோகம், எந்த ஆய்வகம், யார் செய்தது என்பவை அதைத் தொடுவதில்லை. 1990இல் ஒரு வோல்ட்டுக்கு 4,83,597.9 கிகாஹெர்ட்ஸ் என்ற உறவு உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2019 மே 20 அன்று அலகுகளின் வரையறை புதுப்பிக்கப்பட்டபோது, எலெக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் பிழைவீச்சு இல்லாத எண்களாக நிலைநிறுத்தப்பட்டன. அதன் விளைவாக அளவியல் ஆய்வகங்களின் வோல்ட் அன்றொரு நாளில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு நகர்ந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பது தானே ஒளிரும் அறிவு அன்று. இதற்கு மேல் ஐயுறுவதில்லை என்று மாந்தர் பலர் கூடி, வெளிப்படையாக, தேதி குறித்துச் செய்த உடன்பாடு. அதே வேளையில் அது வெறும் உடன்பாடும் அன்று. எவர் எங்கே செய்தாலும் மாறாத இயற்கை ஒழுங்கு ஒன்றைக் கண்டறிந்த பிறகே அதன்மீது கைவைத்து அவர்கள் உறுதி செய்தார்கள். சுவதஃ, பரதஃ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பழைய வாதம், இவ்விரண்டும் கலந்து நிற்கும் இத்தகைய இடத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

பழுதுபார்ப்போர் எவரும் ஜோசப்சன் சந்தி வரை சென்று திரும்புவதில்லை, செல்லவும் தேவையில்லை. ஐயம் எழுந்த இடத்தில்தான் ஆராய்ச்சி வேண்டும், ஐயத்துக்கும் ஓர் எல்லை உண்டு, தன் செயலாலேயே ஒருவர் தன் ஐயத்தை மறுக்கும் இடத்தில் அது முடிகிறது என்று நையாயிகராகிய உதயனர் நியாயகுசுமாஞ்சலியில் நிறுவினார். பசி தீர உண்பவர், உணவு பசி தீர்க்குமா என்று மெய்யாகவே ஐயுறவில்லை. ஐயத்தின் அளவறியும் இந்த உணர்வு திருத்தப் பணியின் உயிர்நாடி. நுழைவாயில் மின்தேக்கி மட்டும் எரிந்து, உட்புற மின்னழுத்தங்கள் ஒருபோதும் எல்லை மீறவில்லை என்றால், அளவுத்திருத்தத்தை ஐயுறக் காரணமில்லை. அந்த உறுப்பு இரைச்சலைத் தடுத்ததேயன்றி எந்தக் கூற்றிலும் பங்குகொள்ளவில்லை. கட்டுப்பாட்டுச் சுற்று குலைந்து ஊட்ட மின்னழுத்தம் ஏறியிருந்தால் ஐயம் கருவி முழுவதும் பரவ வேண்டும். அப்போது 20 நிமிடம் சூடேறவிட்டு, கையேடு சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாக வெளிச்சான்றோடு ஒப்பிடுவதே நேர்மை. எல்லாவற்றையும் ஐயுறுவது கவனம் போலத் தோன்றினாலும், தீ எங்கே சென்றது என்று தேடிப் பார்க்காத சோம்பல் அதற்குள் ஒளிந்திருக்கக்கூடும்.

அந்தக் கையேட்டின் நிலையும் எண்ணத்தக்கது. சுற்று வரைபடம் முழுவதையும், ஒவ்வொரு பகுதியும் எவ்வாறு இயங்குகிறது என்ற விளக்கத்தையும், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய மின்னழுத்தத்தையும் மறைக்காமல் அச்சிட்டுத் தந்த காலம் அது. நேரில் அறிந்து, அறிந்ததை அறிந்தபடியே பிறர்க்கு உணர்த்த விரும்பிச் சொல்பவரை ஆப்தர் என்று வரையறுத்த நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர், இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றார். ஒரிகானில் பெயர் குறிக்கப்படாமல் எழுதிய பொறியாளர்களும் அந்த வரையறைக்குள் அடங்குகிறார்கள். அவர்கள் சொல்லை நம்பித் திருத்துவோருக்கும் அதே கடமை வந்து சேர்கிறது. பழைய மின்தேக்கியின் கூட்டைக் குடைந்து, உள்ளே புதியதை ஒளித்து, திருத்தமே நடவாதது போலக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. தோற்றத்தைக் காக்க விரும்பும் அன்பு அதில் இருப்பது உண்மை. நினைவுச்சின்னங்களைப் புதுப்பிப்பதற்கென 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், மாற்றிச் சேர்த்த பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலப் பகுதியிலிருந்து வேறாக அறியப்படவும் வேண்டும் என்கிறது. சாட்சியாகிய கருவிக்கு இந்நெறி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பலகையின்மேல் வெளிப்படையாக ஓடும் கம்பியும், நிறம் வேறுபட்ட பிசினும், எந்த நாளில் எந்த மின்னழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கூட்டின் உட்புறம் ஒட்டிவைத்த குறிப்பும், அடுத்துத் திறப்பவரிடம் உண்மை பேசுகின்றன.

இவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. அது பலருக்கு ஏற்பில்லாமல் போகலாம். வேறொரு பழுதான 2465பியிலிருந்து மின்வழங்கிப் பலகை முழுவதையும் எடுத்து இதில் பொருத்தினாலும், மேற்கோள் மின்னழுத்தம் தன் எல்லைக்குள் நின்று, பிழைப் பட்டியல் அப்படியே பொருந்துமானால், இது பழைய கருவியே. உறுப்புகளில் பெரும்பங்கு மாறியிருப்பது அதைப் பாதிக்காது. மாறாக, உள்ளீட்டுப் பகுதியில் விரல்நுனி அளவான ஒரே சில்லை மாற்றி, அதனால் எண்கள் பொருந்தாமற்போய்ப் புதிதாக எழுத நேர்ந்தால், கூடும் திரையும் முகப்பும் வரிசை எண்ணும் அவையே என்றாலும், சாட்சி என்ற நிலையில் அது புதிய கருவி. அதன் குறைகள் புதியவை, அவற்றை அது புதிதாக அறிந்தாக வேண்டும். அவயவி எப்போது அழிந்தது என்று இழையை எண்ணிப் பார்க்கும் வழியில் இந்த வேறுபாடு தென்படாது. குறிக்கப்படாத எண்களோடு மின்கலம் தீர்ந்துபோன கருவியோ, ஓர் உறுப்பும் எரியாமல், ஒரு பற்றவைப்பும் விலகாமல், வைத்த இடத்திலேயே தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது.